பூனைக்குக் கல்லீரல் நோய்: வீட்டில் வைத்துப் பார்ப்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

எங்கள் பூனை மீனுவுக்கு ஏழு வயதில் கல்லீரலில் கொழுப்பு படிந்து மஞ்சள் காமாலை வந்தது. ஒரு கல்யாணத்துக்காக ஐந்து நாள் ஊருக்குப் போயிருந்தோம். பக்கத்து வீட்டு அக்கா காலையும் மாலையும் வந்து தட்டை நிரப்பினார். மறுவேளை வந்து பார்த்தால் தட்டு காலி. சாப்பிட்டது மீனு அல்ல, சமையலறை ஜன்னல் வழியாக வந்துபோன ஒரு தெருக் கடுவன். மீனு அந்த ஐந்து நாளும் கட்டிலுக்கு அடியிலேயே இருந்திருக்கிறாள். நாங்கள் திரும்பியபோது அவள் எழுந்து வரவில்லை. இழுத்து மடியில் வைத்து வெளிச்சத்தில் பார்த்தால் காதின் உட்புறம் எலுமிச்சை நிறத்தில் இருந்தது.

அப்புறம் ஏழு வாரம் கழுத்தில் ட்யூப் வைத்து உணவு கொடுத்தோம். பிழைத்துவிட்டாள். இப்போது பத்து வயது. நான் மருத்துவர் இல்லை. ஆனால் அன்றிலிருந்து தெரிந்தவர், தெரிந்தவருக்குத் தெரிந்தவர் என்று நிறையப் பேர் பதறிப்போய்ப் போன் செய்கிறார்கள். கேள்விகள் பெரும்பாலும் ஒரே மாதிரி இருக்கின்றன. அவற்றை இங்கே சேர்த்து வைக்கிறேன். மருந்தின் அளவை மட்டும் உங்கள் கால்நடை மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

பூனை ஒரு நாள் சாப்பிடவில்லை. அதற்குள் டாக்டரிடம் ஓட வேண்டுமா?

நாய் இரண்டு நாள் பட்டினி கிடந்தால் பெரும்பாலும் தாங்கிக்கொள்ளும். பூனையின் உடம்பு அப்படி இல்லை. சாப்பாடு நின்றதும் அது தன் உடம்பில் சேர்த்து வைத்த கொழுப்பைக் கரைத்துக் கல்லீரலுக்கு அனுப்பும். வந்து குவியும் கொழுப்பைப் பக்குவப்படுத்தி வெளியே அனுப்பப் புரதமும் சில சத்துகளும் வேண்டும். சாப்பிடாத பூனையிடம் அவை இல்லை. ஆகவே கொழுப்பு கல்லீரல் செல்களுக்குள்ளேயே தங்கிவிடும். செல்கள் வீங்கி, பித்தம் ஓடும் நுண்ணிய வழிகள் அடைபட்டு, மஞ்சள் காமாலை வரும். உடம்பு முடியாமல் போவதால் பசி இன்னும் போகும். பசி போவதால் கொழுப்பு இன்னும் கரையும். இந்தச் சுழற்சியைத்தான் உடைக்க வேண்டும்.

குண்டான பூனைக்கு இந்த ஆபத்து அதிகம். மீனு அப்போது ஆறு கிலோவுக்கு மேல். "நல்லா கொழுகொழுன்னு இருக்கா, ரெண்டு நாள் சாப்பிடாட்டி என்ன" என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். கொழுகொழு என்று இருப்பதுதான் இங்கே ஆபத்து.

என் கணக்கு இதுதான்: 24 மணி நேரம் எதையும் தொடவில்லை என்றால் டாக்டருக்குப் போன். 48 மணி நேரம் ஆகிவிட்டால் நேரில். குட்டியாக இருந்தால் அவ்வளவு நேரம்கூட வேண்டாம், அன்றைக்கே கிளம்புங்கள். ஒரு வாய் நக்கிவிட்டு விலகிப்போவதைச் சாப்பிட்டதாகக் கணக்கில் எடுக்காதீர்கள்.

மஞ்சள் காமாலையை எப்படிக் கண்டுபிடிப்பது?

பகல் வெளிச்சத்தில் பாருங்கள். மஞ்சள் பல்பின் கீழே எல்லாமே மஞ்சளாகத்தான் தெரியும். முதலில் காதின் உட்புறம், முடி குறைவாக இருக்கும் தோல். அடுத்து மேலுதட்டைத் தூக்கி ஈறு. பிறகு மேல் இமையை லேசாக உயர்த்தி வெள்ளை விழி. வாயைத் திறக்க விட்டால் மேல் அண்ணம். கறுப்பு நிறப் பூனைகளுக்கு ஈறும் கறுத்திருக்கும் என்பதால் அண்ணமும் வெள்ளை விழியும்தான் கைகொடுக்கும்.

மூத்திரத்தையும் கவனியுங்கள். மண் தட்டில் ஒரு வெள்ளைத்தாளை விரித்து வைத்தால் தெரிந்துவிடும். வழக்கமான வெளிர்மஞ்சளுக்குப் பதில் கெட்டி டீ நிறத்தில் அல்லது ஆரஞ்சு நிறத்தில் கறை விழும். கண்ணுக்கு மஞ்சள் தெரிவதற்கு முன்பே இது தெரியலாம்.

மற்ற அறிகுறிகள்: எடை குறைவது, வாந்தி, மூலையில் ஒடுங்குவது, முதுகெலும்பு விரலில் தட்டுப்படுவது. வாயில் கயிறு கயிறாக எச்சில் ஒழுகினால் அதைப் பல்வலி என்று நினைத்து விட்டுவிடாதீர்கள். கல்லீரல் கெட்ட பூனைகளுக்கு அப்படி ஒழுகுவது உண்டு.

மஞ்சள் தெரிந்தாலே கல்லீரல் நோய்தானா?

இல்லை. மூன்று இடத்திலிருந்து அது வரலாம். ரத்தத்தின் சிவப்பணுக்கள் வேகமாக உடைந்தால் கல்லீரல் நன்றாக இருந்தாலும் மஞ்சள் வரும். தெள்ளுப் பூச்சிகளால் பரவுவதாகக் கருதப்படும் மைக்கோபிளாஸ்மா என்ற கிருமி இப்படிச் செய்யும். வெங்காயம், பூண்டு தின்றாலும் சிவப்பணு உடையும். நம் வீட்டுக் குழம்புச் சோற்றில் இரண்டும் இருக்கும் என்பதை மறக்க வேண்டாம்.

இரண்டாவது, கல்லீரலே கெட்டுப்போவது. கொழுப்பு படிவது, பித்தக் குழாய்களில் அழற்சி, விஷம், புற்றுநோய் எல்லாம் இதில் அடக்கம். மூன்றாவது, பித்தம் இறங்கும் குழாய் அடைபடுவது. இவை தவிர எஃப்ஐபி என்ற வைரஸ் நோயிலும் மஞ்சள் வருவது உண்டு, குறிப்பாக இளம் பூனைகளுக்கு. சிகிச்சை ஒவ்வொன்றுக்கும் வேறு. அதனால்தான் பார்த்த மாத்திரத்தில் "காமாலை, இந்த டானிக் கொடுங்க" என்று சொல்லி அனுப்பிவிட்டால் போதாது. எங்களுக்கும் முதலில் போன இடத்தில் அப்படித்தான் ஆனது. இரண்டு நாள் வீணாகப் போனது.

என்னென்ன பரிசோதனை செய்வார்கள்?

ரத்தம் எடுப்பார்கள். அறிக்கையில் ஏஎல்டி, ஏஎல்பி, ஜிஜிடி, பிலிருபின் என்று வரிசையாக இருக்கும். முதல் மூன்றும் கல்லீரல் சார்ந்த என்சைம்கள், பிலிருபின் என்பது உடம்பை மஞ்சளாக்கும் நிறமி. ஏஎல்டி கூடினால் கல்லீரல் செல்கள் சேதமாகின்றன என்று பொருள். ஏஎல்பி பற்றி ஒன்று தெரிந்துகொள்ளுங்கள்: பூனையின் ரத்தத்தில் அது ஏறக்குறைய ஆறு மணி நேரத்தில் பாதியாகக் குறைந்துவிடும், நாய்க்கு அதற்கு மூன்று நாள் போல ஆகும். ஆகவே பூனைக்கு ஏஎல்பி கொஞ்சம் கூடியிருந்தாலும் அதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ள முடியாது. ஏஎல்பி மிக உயர்ந்து ஜிஜிடி மட்டும் பெரிதாக ஏறாமல் இருந்தால் கொழுப்புக் கல்லீரல் என்ற சந்தேகம் வலுக்கும்.

அடுத்து வயிற்று ஸ்கேன். கல்லீரல் பெரிதாகி வெளுத்துத் தெரிகிறதா, பித்தப்பை எப்படி இருக்கிறது, கணையம் வீங்கியிருக்கிறதா என்று பார்ப்பார்கள். பூனைக்குப் பித்தக் குழாயும் கணையக் குழாயும் சேர்ந்துதான் குடலில் திறக்கும். அதனால் ஒன்றில் வந்த அழற்சி மற்றதையும் பிடித்துக்கொள்ளும். கல்லீரல், கணையம், குடல் மூன்றும் ஒரே சமயத்தில் பாதிக்கப்படுவது பூனைகளில் அடிக்கடி பார்ப்பது.

தேவைப்பட்டால் மெல்லிய ஊசியால் கல்லீரலிலிருந்து சில செல்களை எடுப்பார்கள். அதற்கு முன் ரத்தம் உறைகிறதா என்று சோதிப்பார்கள், வைட்டமின் கே ஊசி போடுவார்கள். பித்தம் சரியாக இறங்காத பூனைக்கு அந்த வைட்டமின் உடம்பில் சேராது, ரத்தம் கட்டுப்படாமல் போகலாம். இதை நீங்களே டாக்டரிடம் கேட்கலாம், தப்பில்லை.

ட்யூப் வைக்கச் சொல்கிறார்கள். பாவம் இல்லையா? கொடுமைப்படுத்துகிற மாதிரி இருக்கிறதே?

இந்தக் கேள்விதான் அதிகம் வருகிறது. கேட்பவர்கள் குரல் உடைந்துபோய்க் கேட்கிறார்கள். நானும் அப்படித்தான் கேட்டேன்.

நேராகச் சொல்லிவிடுகிறேன். கொழுப்புக் கல்லீரலுக்கு மருந்து உணவுதான். மற்ற எல்லாம் துணைக்கு. நாள்தோறும் போதுமான உணவு உள்ளே போனால் உடம்பு தன் கொழுப்பைக் கரைப்பதை நிறுத்தும், கல்லீரல் உள்ளே தேங்கியதை மெல்ல வெளியேற்றும். போகாவிட்டால் பூனை பிழைப்பது அரிது. குளுக்கோஸ் டிரிப்ஸ் உணவுக்கு ஈடாகாது.

பெரும்பாலும் வைக்கும் ட்யூப் இரண்டு வகை. மூக்கு வழியாகப் போவது சில நாளுக்கு. மயக்க மருந்து தேவையில்லை, ஆனால் மிக மெல்லியது, தண்ணீர் போன்ற உணவு மட்டுமே போகும். கழுத்தின் பக்கவாட்டில் சின்னத் துளை போட்டு உணவுக்குழாய்க்குள் வைப்பது வாரக்கணக்கில் இருக்கும். கொஞ்ச நேரம் மயக்கம் கொடுத்து வைப்பார்கள். பூனை ரொம்பப் பலவீனமாக இருந்தால் முதலில் மூக்கு ட்யூப், இரண்டொரு நாளில் தேறியதும் கழுத்து ட்யூப்.

ட்யூப் வைத்த அன்று மாலை மீனுவைப் பார்த்தபோது எனக்கு அழுகை வந்தது. கழுத்தில் கட்டு, அதிலிருந்து மேலே நீட்டிக்கொண்டிருந்த குழாய். நான்காம் நாள் அவள் ஜன்னல் திண்டில் ஏறி உட்கார்ந்து வாலை ஆட்டிக்கொண்டு காக்கையைப் பார்த்தாள். ஊட்டும்போது குருகுருவென்று சத்தம் வந்தது. அவளுக்கு அந்தக் குழாய் ஒரு பொருட்டாகவே இல்லை. வலுக்கட்டாயமாக வாயைத் திறந்ததுதான் அவளுக்குக் கொடுமையாக இருந்தது என்பது அப்போதுதான் உறைத்தது.

வாய் வழியாகவே சிரிஞ்சில் ஊட்டினால் என்ன?

ஓரிரு நாள் சமாளிக்க உதவும், அதுவும் பூனை நக்கி விழுங்கினால். போராடும் பூனைக்கு வேண்டாம். ஒன்று, மூச்சுக்குழாய்க்குள் உணவு போய் நிமோனியா வரும். இரண்டு, குமட்டல் இருக்கும்போது திணித்த உணவைப் பூனை ஜென்மத்துக்கும் வெறுக்கும். மூன்று, அரை மணி நேரம் போராடினாலும் உள்ளே போவது 20 மில்லிதான். மீதி உங்கள் சட்டையில் இருக்கும். நாள் கணக்கில் கூட்டிப் பார்த்தால் பாதி உணவுகூடத் தேறாது.

ட்யூப் வழியாக எப்படி ஊட்டுவது?

முதலில் அளவு. நான்கு கிலோ பூனை சும்மா படுத்திருக்கவே ஒரு நாளைக்குச் சுமார் 200 கலோரி வேண்டும். மில்லிக்கு ஒரு கலோரி தரும் மசியல் என்றால் 200 மில்லி, ஐந்து வேளையாகப் பிரித்தால் வேளைக்கு 40 மில்லி. தண்ணீர் விட்டு நீர்த்தால் அந்த அளவுக்குக் கூட்டிக்கொள்ள வேண்டும்.

ஆனால் முதல் நாளே முழு அளவு கொடுக்கக் கூடாது. பல நாள் பட்டினிக்குப் பிறகு திடீரென்று வயிறு நிறைய உணவு போனால் ரத்தத்தில் பாஸ்பரஸும் பொட்டாசியமும் சரிந்துவிடும். உயிருக்கே ஆபத்து. முதல் நாள் கால் பங்கு அல்லது மூன்றில் ஒரு பங்கு, பிறகு மூன்று நான்கு நாளில் முழு அளவு. அந்த நாட்களில் ரத்தத்தை மறுபடி சோதிப்பார்கள். வேண்டாம் என்று சொல்லிவிடாதீர்கள்.

எங்கள் வீட்டு முறையைச் சொல்கிறேன். உணவை மிக்ஸியில் தண்ணீரோடு நன்றாக அடித்து, டீ வடிகட்டியில் கரண்டியால் தேய்த்து வடிகட்டுவோம். ஒரு நார் தங்கினாலும் குழாய் அடைக்கும். கிண்ணத்தை வெந்நீர்ப் பாத்திரத்தில் வைத்து உடம்புச் சூட்டுக்குக் கொண்டுவருவோம். மணிக்கட்டின் உட்புறம் ஒரு சொட்டு விட்டுப் பார்த்தால் சூடும் தெரியக் கூடாது, குளிரும் தெரியக் கூடாது. குழந்தைப் பாலுக்குப் பார்ப்பது போலத்தான்.

மூடியைத் திறந்து முதலில் ஐந்து மில்லி வெதுவெதுப்பான தண்ணீர். இருமினாலோ திமிறினாலோ உடனே நிறுத்திவிட்டு டாக்டரைக் கூப்பிட வேண்டும், குழாய் இடம் மாறியிருக்கலாம். வாந்தி எடுத்த பிறகும் இதையே செய்யுங்கள், வாந்தியோடு குழாய் வாய்க்குள் வந்துவிடுவது உண்டு. தண்ணீர் சுலபமாகப் போனால் உணவு. மெதுவாக, 10 மில்லிக்கு ஒரு தடவை நிறுத்தி, மொத்தம் 15 முதல் 20 நிமிடம். அவள் உதட்டை நக்க ஆரம்பித்தால், எச்சில் விழுங்கினால், அது குமட்டல். நிறுத்திக் காத்திருப்போம். கடைசியில் மறுபடி ஐந்து முதல் பத்து மில்லி தண்ணீர், மூடி, முடிந்தது. அரை மணி நேரம் படுக்கப் போடாமல், நிமிர்ந்து உட்கார விடுங்கள்.

ஒரு பழைய டைரியில் நேரம், அளவு, வாந்தி, மலம், எடை எழுதினேன். மூன்றாம் வாரம் டாக்டர் கேட்ட எல்லாக் கேள்விக்கும் அந்த டைரியில் பதில் இருந்தது.

துளையைச் சுற்றித் தினமும் பாருங்கள். லேசாகக் கசிவு இருக்கும். சீழ், நாற்றம், வீக்கம் என்றால் அன்றே காட்டுங்கள்.

குழாய் அடைத்துக்கொண்டால்?

வெதுவெதுப்பான தண்ணீரை சிரிஞ்சில் எடுத்துத் தள்ளி இழுத்து, தள்ளி இழுத்துப் பாருங்கள். பத்து நிமிடம் தண்ணீரை உள்ளேயே ஊற விட்டு மறுபடி. கம்பி, ஈர்க்குச்சி எதையும் விடாதீர்கள்.

என்ன உணவு கொடுப்பது? பால் சோறு, தயிர் சோறு போதுமா?

போதாது. பூனை முழுக்க முழுக்க இறைச்சி தின்னும் பிராணி. அதற்குப் புரதம் வேண்டும், டாரின், ஆர்ஜினின் என்ற அமினோ அமிலங்கள் வேண்டும். ஆர்ஜினின் இல்லாத உணவு ஒரே வேளையில்கூட ரத்தத்தில் அம்மோனியாவை ஏற்றிவிடும். சோறும் பாலும் வயிற்றை நிரப்பும், கல்லீரலைக் காப்பாற்றாது. வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குப் பால் வயிற்றுப்போக்கையும் கொண்டுவரும்.

நோயிலிருந்து தேறும் பூனைகளுக்கென்றே டப்பாவில் வரும் மசியல் உணவு ட்யூபுக்கு மிக வசதி, சத்தும் கணக்காக இருக்கும். கட்டுப்படியாகாவிட்டால் டாக்டரிடம் வெளிப்படையாகச் சொல்லுங்கள். சாதாரணப் பூனை உணவை மிக்ஸியில் அடித்து ட்யூபுக்கு ஏற்றபடி செய்ய அவரே சொல்லித் தருவார். வேகவைத்த கோழி நல்லது, உப்பு, வெங்காயம், பூண்டு எதுவும் இல்லாமல். வெந்த தண்ணீரைக் கொட்டாதீர்கள், டாரின் அதில்தான் இறங்கியிருக்கும். ஆனால் கோழி மட்டுமே வாரக்கணக்கில் கொடுத்தால் கால்சியமும் மற்ற சத்துகளும் குறையும், சேர்க்க வேண்டியதைக் கேட்டுச் சேருங்கள். மீன் கொடுத்தால் வேகவைத்து, முள் எடுத்து. சில வகைப் பச்சை மீன்களில் வைட்டமின் பி1-ஐ அழிக்கும் பொருள் இருக்கிறது. கல்லீரல் கெட்ட பூனைக்கு ஏற்கெனவே அந்த வைட்டமின் குறைவாகத்தான் இருக்கும்.

ஈரல் நோய்க்கு ஈரல் கொடுத்தால் நல்லது என்கிறார்களே?

ஆட்டு ஈரலும் கோழி ஈரலும் பூனைக்கு ரொம்பப் பிடிக்கும், அது உண்மை. பசி வராத பூனையை வாயைத் திறக்க வைக்க ஒரு துண்டு உதவலாம். தினசரி உணவாக வேண்டாம். ஈரலில் வைட்டமின் ஏ மிக அதிகம், மாதக்கணக்கில் தின்ற பூனைகளுக்குக் கழுத்து எலும்பு இறுகிப்போகும்.

கல்லீரல் நோய் என்றால் புரதத்தைக் குறைக்க வேண்டாமா?

பெரும்பாலான பூனைகளுக்குக் குறைக்கக் கூடாது. குறைத்தால் கல்லீரல் தேறுவதற்கே சரக்கு இல்லாமல் போகும். விதிவிலக்கு ஒன்று: அம்மோனியா மூளையைத் தாக்கும் நிலை. சுவரில் தலையை முட்டி நிற்பது, தடுமாறி நடப்பது, எச்சில் கொட்டுவது, வலிப்பு, கூப்பிட்டால் வெறிக்கப் பார்ப்பது இதெல்லாம் அதன் அடையாளம். அப்போது டாக்டர் அளந்து குறைப்பார், அம்மோனியாவைக் குறைக்க லாக்டுலோஸ் என்ற திரவம் கொடுப்பார். அவர் சொல்லாமல் நீங்களாகக் குறைக்காதீர்கள்.

கீழாநெல்லி கொடுக்கலாமா? நம் வீட்டில் இருக்கும் கல்லீரல் டானிக்?

காமாலைக்குக் கீழாநெல்லி என்பது நம் ஊரில் பாட்டி காலத்து நம்பிக்கை, எங்கள் அத்தையும் ஒரு கட்டு பறித்துக்கொண்டு வந்தார். அவர் அன்பை நான் மதிக்கிறேன். ஆனால் பூனையின் கல்லீரல் பல பொருட்களை மனிதக் கல்லீரல் போலப் பிரித்து வெளியேற்றாது. மனிதருக்குச் சாதுவான ஒன்று அதற்கு விஷமாகலாம். அதைவிட முக்கியம், அந்தச் சாற்றைப் புகட்டிக்கொண்டிருக்கும் இரண்டு நாளில் உணவு உள்ளே போயிருக்க வேண்டும். டானிக்கும் அப்படித்தான். டாக்டர் எழுதினால் கொடுங்கள், உணவுக்குப் பதிலாக மட்டும் கொடுக்காதீர்கள்.

என்னென்ன மருந்து எழுதுவார்கள்?

நோயைப் பொறுத்தது. வாந்திக்கு மாரோபிடன்ட். பசிக்கு மிர்டாசபின், கல்லீரல் நோயில் அதன் அளவைக் குறைத்தும் இடைவெளி விட்டும் கொடுப்பார்கள். வைட்டமின் பி12 பெரும்பாலும் வாரம் ஒரு ஊசி. பித்தம் இளக அர்சோடிஆக்சிகோலிக் அமிலம், ஆனால் பித்தக் குழாய் முழுக்க அடைபட்டிருந்தால் அது கூடாது, அதனால்தான் ஸ்கேன் முதலில். கல்லீரலுக்குத் துணையான எஸ்ஏஎம்இ என்ற சத்து மாத்திரை தந்தால் வெறும் வயிற்றில், உடைக்காமல். கிருமியால் வந்த பித்தக் குழாய் அழற்சிக்கு வாரக்கணக்கில் ஆன்டிபயாட்டிக், கிருமி இல்லாத வகைக்கு பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு.

மாத்திரையை வாய் வழியாகக் கொடுத்தால் உடனே ஐந்து மில்லி தண்ணீர் புகட்டுங்கள். டாக்ஸிசைக்ளின் என்ற ஆன்டிபயாட்டிக் மாத்திரை உணவுக்குழாயில் ஒட்டிக்கொண்டால் புண்ணாகி வழியே சுருங்கிவிடும்.

காய்ச்சலாக இருக்கிறது. பாராசிட்டமால் கால் மாத்திரை கொடுக்கலாமா?

கூடவே கூடாது. கால் மாத்திரையே பூனையைக் கொல்லும். அதைப் பிரித்து வெளியேற்றும் திறன் பூனைக்கு இல்லை. ஈறு பழுப்பாகும், முகமும் பாதமும் வீங்கும், மூச்சு திணறும். தெரியாமல் கொடுத்துவிட்டீர்கள் என்றால் வெட்கப்படாமல் டாக்டரிடம் சொல்லுங்கள், உடனே. அசிடைல்சிஸ்டீன் என்ற மாற்று மருந்து இருக்கிறது, நேரத்தோடு போனால் காப்பாற்றலாம்.

வீட்டில் வேறு எதையெல்லாம் எட்டாமல் வைக்க வேண்டும்?

தொட்டியில் அழகுக்கு வளர்க்கும் சைகஸ் செடி, ஈச்சை மாதிரி இருக்குமே, அதன் எல்லாப் பாகமும் கல்லீரலைக் கொல்லும் விஷம், விதை மிக மோசம். பீரோவில் போடும் அந்துருண்டை. டீ ட்ரீ போன்ற வாசனை எண்ணெய்கள், பூனை மேல் தடவினால் நக்கியே உள்ளே போய்விடும். பூஞ்சை பிடித்த கடலை, தானியம்.

எங்கள் பூனை தினமும் பல்லி பிடித்துத் தின்கிறது. அதனால் வருமா?

வரலாம். வெப்பமான நாடுகளில் பிளாட்டினோசோமம் என்ற தட்டைப்புழு உண்டு. அது நத்தையில் தொடங்கி, சின்னப் பூச்சிகள் வழியாகப் பல்லிக்கு வரும். பல்லியைத் தின்ற பூனையின் பித்தக் குழாயில் குடியேறும். ஒன்றிரண்டு புழு இருந்தால் ஒன்றும் தெரியாது. பெருகினால் அடைப்பு, காமாலை, எடை இழப்பு. வழக்கமாகக் கொடுக்கும் குடற்புழு மருந்தின் அளவு இதற்குப் போதாது, பிராசிகுவன்டெல்லைக் கூடுதல் அளவில் சில நாள் தொடர்ந்து தருவார்கள். ஆகவே டாக்டரிடம் போகும்போது "இவள் பல்லி தின்பாள்" என்று மறக்காமல் சொல்லுங்கள். நாம் சொல்லாவிட்டால் அவருக்குத் தெரிய வழியில்லை.

பூனையின் காமாலை எங்களுக்குத் தொற்றுமா?

மனிதருக்கு வரும் வைரஸ் காமாலை வேறு, அது பூனையிடமிருந்து வராது. குழந்தைகள் தொட்டு விளையாடலாம். மண் தட்டைச் சுத்தம் செய்த கையை சோப்பு போட்டுக் கழுவுங்கள், அது எப்போதும் செய்ய வேண்டியதுதான்.

எங்கே காட்டுவது?

ரத்தப் பரிசோதனை, ஸ்கேன், ட்யூப் வைப்பது மூன்றும் ஒரே இடத்தில் இருந்தால் நாள் மிச்சம். சென்னை வேப்பேரியில் 1903-இல் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. நாமக்கல், ஒரத்தநாடு, திருநெல்வேலியிலும் கால்நடை மருத்துவக் கல்லூரிகள் உண்டு. தனியார் மருத்துவமனை என்றால் போவதற்கு முன் போனில் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "பூனைக்குக் கழுத்தில் உணவு ட்யூப் வைப்பீர்களா?" பதிலில் பாதி விஷயம் தெரிந்துவிடும்.

எத்தனை நாளில் குணமாகும்?

கொழுப்புக் கல்லீரலில், உணவு தொடங்கி முதல் சில நாளைத் தாண்டிவிட்ட பூனைகளில் பெரும்பாலானவை தேறிவிடுகின்றன. கல்லீரல் தன்னைத்தானே புதுப்பித்துக்கொள்ளும் உறுப்பு. முதலில் பிலிருபின் இறங்கும், ஏஎல்டியும் ஏஎல்பியும் பின்னால்தான் வரும். அவை மெதுவாக இறங்குகின்றன என்று கவலைப்படாதீர்கள். ட்யூப் பொதுவாக நான்கு முதல் ஆறு வாரம் இருக்கும், சில பூனைகளுக்கு இன்னும் அதிகம்.

ட்யூப் இருக்கும்போதே தட்டில் கொஞ்சம் உணவை வைத்துவிட்டு விலகிவிடுங்கள். கெஞ்ச வேண்டாம். நாற்பத்தொன்றாம் நாள் காலை, நான் மத்தி வேகவைத்துக்கொண்டிருந்தபோது மீனு அடுப்படிக்கு வந்து என் காலில் உரசினாள். ஒரு துண்டை ஆறவைத்துத் தரையில் வைத்தேன். முகர்ந்தாள், நக்கினாள், போய்விட்டாள். பத்து நிமிடம் கழித்துத் திரும்பி வந்து தின்றாள். நான் அடுப்பை அணைத்துவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

தானாகவே ஒன்றிரண்டு வாரம் போதுமான அளவு தின்று, எடை இறங்காமல் நின்றால் ட்யூபை எடுப்பார்கள். உருவி எடுப்பதுதான், தையல் இல்லை, துளை தானாக மூடிக்கொள்ளும். பித்தக் குழாய் அழற்சி உள்ள பூனைகளுக்கு ஆயுளுக்கும் மருந்து, அவ்வப்போது ரத்தச் சோதனை என்று போகலாம். அப்படியே வருடக்கணக்கில் நன்றாக இருக்கும் பூனைகளும் உண்டு.

எல்லாம் செய்தும் தேறவில்லை என்றால்?

அதுவும் நடக்கும். புற்றுநோய் இருக்கலாம், மிகத் தாமதமாகத் தெரிந்திருக்கலாம். வலியும் குமட்டலும் மருந்தில் அடங்காமல், தன்னைத்தானே நக்கிச் சுத்தம் செய்வதையும் விட்டு, உங்கள் குரலுக்குக் காதைக்கூடத் திருப்பாத நாள் வந்தால், டாக்டரிடம் நேராகக் கேளுங்கள்: இனி இதற்கு நல்ல நாள் இருக்கிறதா? மயக்க ஊசி போட்டு வலியில்லாமல் அனுப்பிவைப்பதைப் பற்றியும் அவரிடம் பேசலாம். அப்படி முடிவெடுத்தவர்கள் யாரும் தங்கள் பூனையைக் கைவிட்டவர்கள் என்று நான் நினைக்கவில்லை.

குணமான பிறகு மறுபடி வருமா? ஊருக்குப் போகவே பயமாக இருக்கிறது.

கொழுப்புக் கல்லீரல் ஒருமுறை சரியானால் மறுபடி வருவது அபூர்வம், மூல காரணம் தீர்ந்திருந்தால். குண்டாக இருந்தால் இளைக்க வையுங்கள், ஆனால் மிக மெதுவாக, வாரத்துக்கு உடல் எடையில் ஒரு சதவீதம் போல. பட்டினி போட்டு இளைக்க வைத்தால் அதே நோயை நாமே வரவழைத்ததாகிவிடும்.

ஊருக்குப் போகலாம். நாங்களும் போகிறோம். சமையலறை ஜன்னலுக்கு வலை அடித்துவிட்டோம். அக்காவிடம் சின்ன எடை மெஷினும் ஒரு நோட்டும் கொடுத்திருக்கிறோம். தட்டை வைக்கும்போது எத்தனை கிராம், எடுக்கும்போது எத்தனை கிராம் மீதி, மீனுவைக் கண்ணால் பார்த்தாரா, மண் தட்டில் மூத்திரக் கட்டி எத்தனை. போன பொங்கலுக்கு நான்கு நாள் போய்வந்தோம். இரண்டாம் நாள் மாலை அக்கா போன் செய்தார்: "60 கிராம் வச்சேன், 52 அப்படியே இருக்கு. கட்டிலுக்கு அடியில இருக்கா." நாங்கள் அன்றிரவே பஸ் ஏறிவிட்டோம். விடியற்காலை வீடு வந்து சேர்ந்து அவள் பக்கத்தில் தரையில் படுத்தேன். வெளிச்சம் வந்ததும் எழுந்து போய்த் தட்டிலிருந்ததைத் தின்று முடித்தாள்.